பதினோராவது சொல்

நாமக்கல்,
19.8.2024

மரியாதைக்குரிய அக்கா சாரதாமணி அவர்களுக்கு,

ஸ்ரீதேவி எழுதிக்கொள்வது. இங்கு நானும் அவரும் நித்யஸ்ரீயும் சுகம். தாங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஏழு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். நித்யஸ்ரீக்கு இப்போது எட்டரை வயது. பேச்சு இல்லை. பிடித்துக்கொண்டால் நடக்கிறாள். இதுவரை பார்த்த டாக்டர்கள் எல்லோரும் ‘மூளை வளர்ச்சி குறைவு’ என்று எழுதி மூடிவிட்டார்கள். போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர்கள் குழந்தையின் கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னிடம், முதல் இரண்டு வருடம் என்னென்ன செய்தாள், என்னென்ன பேசினாள், எது எப்போது நின்றது என்று கேட்டார்கள்.

எனக்கு ராமநாதபுரத்தில் வேலை கிடைத்துப் போனபோது அவளுக்கு ஒன்பது மாதம். திரும்பி வந்து தூக்கிக்கொண்டு போனபோது பத்தொன்பது. நடுவில் இருந்த பத்து மாதமும் அவள் ஜலகண்டாபுரத்தில் தங்களிடம் இருந்தாள். “அப்போ யாருகிட்ட இருந்தாளோ அவங்ககிட்ட கேட்டு எழுதிட்டு வாங்கம்மா” என்றார்கள் டாக்டரம்மா.

இத்துடன் ஃபாரம் இருக்கிறது. என்ன சொல், எந்த மாதம், யாரை அல்லது எதைப் பார்த்துச் சொன்னாள், எந்த மாதம் நின்றது என்று நான்கு கட்டம். தெரிந்ததை மட்டும் எழுதினால் போதும். தங்கள் போன் நம்பர் என்னிடம் இப்போது இல்லை. இருந்தாலும் எழுத்தில் இருப்பதே நல்லது.

இப்படிக்கு,
மு. ஸ்ரீதேவி


ஜலகண்டாபுரம்,
2.9.2024

அன்புத் தங்கச்சி தேவிக்கு,

அக்கா எழுதுவது. உன் மாமாவுக்கு முதுகு வலி, எனக்கு வாய் வலி, பேச ஆள் இல்லாமல். மற்றபடி சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் என் தங்கமும் நன்றாக இருக்க வேண்டும்.

‘அவர்களுக்கு’, ‘தாங்கள்’ என்று எழுதியிருக்கிறாயே, நான் என்ன தாசில்தாரா? நீ என்ன பட்டா மாற்ற மனுவா போட்டிருக்கிறாய்? பாவாடை கட்டத் தெரியாத வயசிலிருந்து என்னை ‘நீ, வா, போ’ என்றவள். மாமா கடுதாசியைப் பார்த்துவிட்டு, தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து, “அந்தப் புள்ள என்ன எழுதியிருக்குது, சித்தெ சத்தமாப் படி” என்றார். படித்தேன். இரண்டு பேரும் மத்தியானம் சாப்பிடவில்லை.

ஞாபகத்திலிருந்து எழுத வேண்டிய வேலையே இல்லை. அவள் ஒரு சொல் சொன்னால் அன்றைக்கு நாள் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பேன். நீ வந்ததும் காட்டலாம் என்றுதான். இன்னும் அங்கேயே இருக்கிறது.

தையில் உட்கார்ந்தவாக்கில் நகர்ந்தாள். மாசியில் பிடித்து நின்றாள். சொல் இப்படி. காக்கையைப் பார்த்து ‘கா’. பால் டம்ளரைப் பார்த்து ‘பா’. தண்ணிக்கு ‘ன்னி’. மாமாவுக்கு ‘பெப்பா’. தறிக்கு ‘டக்க’. தறி ஓடாத அன்றைக்கு அதைக் காட்டி ‘இல்ல’. எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியை ‘வா’. என் தலையைப் பார்த்து ‘பூ’. எது கையில் இருந்தாலும் ‘தா’. விளக்குப் போட்டால் கை கூப்பி ‘சாமி’. மொத்தம் பத்து. ஃபாரத்தில் பதினொன்று என்று போட்டு அடித்திருக்கிறேன், கண்டுகொள்ளாதே, எண்ணிக்கை தப்பிவிட்டது.

ஆடி, ஆவணியில் ஒவ்வொன்றாக எல்லாம் போய்விட்டது. அதற்கு என்ன காரணம் என்று நான் எழுத வேண்டியதில்லை. உனக்கே தெரியும்.

தங்கத்துக்கு இப்போது என்ன பிடிக்கும்? அதை ஒரு வரி எழுது.

உன் அக்கா,
சாரதாமணி


நாமக்கல்,
20.9.2024

அக்காவுக்கு,

ஸ்ரீதேவி. உங்கள் கடிதம் கிடைத்தது. நலம்தான். மாமா முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஃபாரத்தைப் பார்த்த டாக்டரம்மா ‘இவ்வளவு துல்லியமாக யாருமே எழுதித் தந்ததில்லை’ என்றார்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டும், கை. நித்யஸ்ரீ இப்போது எப்போதும் இரண்டு கையையும் மார்புக்கு நேராகச் சேர்த்துப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், சோப்புப் போட்டுக் கழுவுவதுபோல. எதையும் எடுப்பதில்லை, பிடிப்பதில்லை. இது எப்போது ஆரம்பித்தது? தொண்டையை நீவித் தொக்கம் எடுத்தார்களே, அதற்கு முன்பா, பின்பா? இதை மறைக்காமல் எழுதுங்கள். போன தடவை எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவளுக்குப் பிடித்தது பாட்டு. மழைச் சத்தமும் பிடிக்கும்.

ஸ்ரீதேவி


ஜலகண்டாபுரம்,
14.10.2024

அன்புள்ள தேவிக்கு,

சுகமா? உன் கடுதாசி வந்து இருபது நாளாகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஆயுத பூசைக்குத் தறி எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தாயிற்று, இனி சாக்குச் சொல்ல வேலை எதுவும் இல்லை.

முன்பு. தொக்கத்துக்கு முன்பே.

ஆனி மாசம் பிறந்ததிலிருந்தே அவள் கையில் எதுவும் நிற்கவில்லை. முறுக்கைக் கொடுத்தால் பார்ப்பாள், பிடிப்பாள், விழுந்துவிடும். முந்தின மாசம் பருப்பைப் பொறுக்கிப் பொறுக்கி வாயில் போட்டவள். ஆனால் உனக்குச் சொல்லவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாய், “பாப்பா எப்படி இருக்கா?” என்பாய். “நல்லா இருக்குது கண்ணு, நீ வேலையைப் பாரு” என்பேன். வேலை நிரந்தரமாகிற சமயம், லீவு போட்டால் கெட்டுவிடும் என்று நீதான் சொல்லியிருந்தாய். பிள்ளை சரியான பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சாப்பாடும் இறங்கவில்லை. தொக்கம் எடுக்கிற பாவாயியிடம் கொண்டுபோனேன். அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, “ஏனுங் சாமி, தொக்கம் உழுந்திருக்குது, தின்னது உள்ள சிக்கிட்டு நிக்குது, எடுத்துட்டாச் சரியாப் போயிரும்” என்றாள். தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் நீவினாள், வாயில் ஊதினாள், ஒரு சின்ன உருண்டையை எடுத்துக் காட்டினாள். குழந்தை கதறிக்கொண்டு என் மாராப்பைப் பிடிக்கப் பார்த்தாள், பிடிக்கக் கை வரவில்லை. அந்த வாரத்திலிருந்துதான் ஒவ்வொரு சொல்லாகப் போனது. என்னமோ ஆகிவிட்டது, நான்தான் செய்தேன். நீ என்னைத் திட்டியதில் ஒரு தப்பும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆவணியில் கை இரண்டும் சேர்ந்துகொண்டது. நான் கும்பிடக் கற்றுக் கொடுத்திருந்தேன் இல்லையா, பிள்ளை நாள் பூராவும் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துவிட்டேன். தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். எதிர்வீட்டுக் காளியாத்தாள் வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெருமையில் நான்கு வாரம் போய்விட்டது. என்னைப் போல ஒரு முட்டாளை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

அதனால்தான் மாசி மாசம் பூ மிதிக்கிறேன். ஏழு வருஷம் தீக்குண்டம் இறங்குகிறேன், என் தப்பை மன்னித்துப் பிள்ளைக்குப் பேச்சைக் கொடு என்று அம்மனிடம் வேண்டியிருக்கிறேன். ஆறு முடிந்தது. போன வருஷம் சூடே தெரியவில்லை தேவி, பஞ்சு மேல் நடந்த மாதிரி இருந்தது. அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அழுதேன். வருகிற மாசியோடு முடிகிறது.

அவளுக்கு மழை பிடிக்கும் என்று எழுதினாயே. இங்கேயும் தகரக் கூரையில் மழை விழுந்தால் சிரிப்பாள்.

அக்கா


நாமக்கல்,
11.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி முடிந்தது. வெடிச் சத்தத்துக்கு நித்யா மிரண்டுவிட்டாள், அடுத்த நாள் சரியாகிவிட்டது. அவர் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய்விட்டார், போர் போடுகிற சீசன். நீங்கள் பலகாரம் எதுவும் தின்றுவிடவில்லையே?

அதற்குக் காரணம் இருக்கிறது. காலில் சூடு தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆபீசில் ஒருவருக்கு அப்படித்தான் இருந்தது, பார்த்தால் சர்க்கரை. முதலில் ரத்தம் பாருங்கள்.

நித்யாவுக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்து ஐதராபாத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். டாக்டரம்மா சந்தேகப்படுவது ரெட் சிண்ட்ரோம் என்ற ஒன்று. பத்தாயிரம் பெண் குழந்தையில் ஒன்றுக்கு வருமாம். மரபணுக் கோளாறு என்கிறார்கள். எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. நம் குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

ஒன்று மட்டும் சொன்னார்கள். இந்தக் குழந்தைகளுக்கு நாம் பேசுவது நாம் நினைப்பதைவிட நிறையப் புரியுமாம், கண்ணால்தான் பதில் சொல்வார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இத்தனை வருடமும் அவள் முன்னால் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் பேசியிருக்கிறேன்.

ஸ்ரீதேவி


ஜலகண்டாபுரம்,
9.12.2024

என் தங்கச்சிக்கு,

அக்கா. உன் வாய் முகூர்த்தம், சர்க்கரை முந்நூற்றுப் பன்னிரண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். அந்த டாக்டர் பையன் என் பாதத்தில் ஊசியால் குத்தி “தெரியுதாம்மா?” என்றான். “எங்கே குத்தினாய்?” என்று கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்குள்ளேயே செருப்புப் போடு என்கிறான். தீ மிதிப்பேன் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான், “வேண்டாங்கம்மா, காலே போயிரும்” என்று.

மாமாவும் தினமும் இதே பாட்டுத்தான். ஆனால் ஏழாவதை விட்டால் ஆறும் போச்சு. தப்புச் செய்தவள் பாதியில் எப்படி எழுந்து போவது?

நீ ஒன்று செய். அந்த ரிசல்ட் வந்தால் என்ன ஏது என்று எனக்கு உடனே எழுது. தொக்கத்தால்தான் கெட்டது என்று வந்தால் ஒளிக்காதே, நான் தாங்குவேன், ஏழு வருஷமாகத் தாங்கவில்லையா. அதனால் இல்லை என்று வந்தால் பிறகு நான் எதற்குத் தீயில் இறங்க வேண்டும்? பொங்கல் வைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவேன். அப்படி வராது, தெரியும். சும்மா மனசுக்குச் சொல்லிக்கொள்கிறேன். மாமாவிடமும் சத்தியம் செய்திருக்கிறேன். அவர் இப்போது என்னைவிடத் தபால்காரரைத்தான் அதிகம் பார்க்கிறார்.

பிள்ளை முன்னால் என்னைத் திட்டியிருப்பாய், அதானே? திட்டிவிட்டுப் போ. என் பெயராவது அவள் காதில் விழுந்திருக்குமே.

அக்கா


நாமக்கல்,
8.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. ஆபீசில் கணக்கு வருடக் கடைசி வேலை கழுத்தை நெரிக்கிறது, அதனால்தான் உடனே எழுத முடியவில்லை. நித்யாவுக்குப் புது ஷூ வாங்கியிருக்கிறோம், கணுக்கால் வளையாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு அடி தனியாக நின்று நடந்தாள். அவர் அடுத்த மாதம் வருவார். மோகனூர் ரோட்டில் எல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரே தூசி.

மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீதேவி


ஜலகண்டாபுரம்,
24.2.2025

அன்புள்ள தேவிக்கு,

ரோட்டைத் தோண்டியதை எழுதத் தெரிந்த உனக்கு ரிசல்ட் வந்ததா என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லையா? வரவில்லை என்றால் வரவில்லை என்று எழுது. காப்புக் கட்டியாயிற்று. மார்ச் நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் பூ மிதிக்கிறோம். மஞ்சள் சேலை துவைத்துப் போட்டிருக்கிறேன்.

மாமா போன் இருக்கிறது, நம்பர் கீழே எழுதியிருக்கிறேன். கடுதாசி வந்து சேராது என்று தோன்றினால் அதில் கூப்பிடு. என்னோடு பேச வேண்டாம். அவரிடம் ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஷூ போட்டு நடந்தாள் என்றாயே, அதைப் பத்துத் தடவை படித்தேன்.

அக்கா


சேலம்,
20.3.2025

அன்புத் தங்கச்சிக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். பயப்படாதே.

பூ மிதித்தது நல்லபடியாக முடிந்தது. இந்த வருஷமும் சூடு தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, எல்லோருக்கும் சோறு போட்டு, வழக்கம்போல வேலை பார்த்தேன். ஐந்தாம் நாள் மாமா பாயில் ரத்தத்தைப் பார்த்து “யாரு காலு இது?” என்று கத்தினார். வலது கால் அடியில் கொப்புளம் உடைந்து, நான் அதன் மேலேயே நடந்துகொண்டிருந்திருக்கிறேன். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், சுண்டு விரலும் பக்கத்து விரலும். மிச்சம் நிற்கும் என்கிறார்கள். மெட்டி போடுகிற விரல் தப்பியது, மாமாவுக்கு அதில் ஒரு திருப்தி.

ஏழும் முடித்துவிட்டேன் தேவி. இனி என் பக்கம் பாக்கி இல்லை. பிள்ளைக்கு ஏதாவது சொல் வந்ததா? சத்தமாவது?

ரிசல்ட் வந்ததா?

அக்கா


நாமக்கல்,
26.3.2025

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

ரிசல்ட் பிப்ரவரி மூன்றாம் தேதியே வந்துவிட்டது.

ரெட் சிண்ட்ரோம்தான். அவள் உடம்பின் ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. என் ரத்தத்தில் அது இல்லை, அவர் ரத்தத்திலும் இல்லை. யாரும் கொடுத்ததில்லை. கரு உண்டாகும்போதே தானாக நடந்த பிழை. உனக்குத் தெரிந்த மாதிரி சொன்னால், தறி பார்த்து நெய்கிற ஜக்கார்டு அட்டைகளில், முந்தானை டிசைனுக்கு உண்டான அட்டையில் ஒரு ஓட்டை தப்பாக விழுந்ததுபோல. உடல் நெய்கிற வரைக்கும் சேலை நன்றாகத்தான் இருக்கும். முந்தானைக்கு வந்ததும்தான் தெரியும். தறியில் அப்போது உட்கார்ந்திருந்தவள் தப்பு இல்லை அது. இந்தக் குழந்தைகள் எல்லோருமே ஒரு வருடம், ஒன்றரை வருடம் நன்றாக இருந்து, பிறகு முதலில் கையை, அப்புறம் பேச்சை விட்டுவிடுவார்களாம். நீ எழுதிய காலண்டர் கணக்கு அப்படியே அதுதான். கை பிசைவது இந்த நோயின் முக்கிய அடையாளம்.

டாக்டரம்மாவிடம் தொக்கத்தைப் பற்றிக் கேட்டேன். “பச்சக் குழந்தை தொண்டையில அப்படிச் செய்யவே கூடாது, அது வேற விஷயம். ஆனா இது அதனால வந்ததில்லீங்க. அவங்க எடுத்திருந்தாலும் எடுக்காட்டியும் அந்த மாசம் அந்தப் பேச்சு போயிருக்கும்” என்றார்கள்.

இதை எல்லாம் பிப்ரவரி ஐந்தாம் தேதியே நான்கு பக்கம் எழுதினேன் அக்கா. ஒட்டி, ஸ்டாம்ப் வைத்து, ஆபீஸ் மேசை டிராயரில் போட்டேன். தினமும் மூன்று மணிக்குத் தபால் எடுக்க வரும் நவீன்குமார் “உங்குளுது ஏதாச்சும் இருக்குங்களா மேடம்?” என்பான். இல்லை என்பேன். எட்டாம் தேதி அந்தக் கடிதத்தை டிராயரிலேயே விட்டுவிட்டு, ஷூவையும் ரோட்டுத் தூசியையும் எழுதி அனுப்பினேன். மாமா நம்பரை நான்கு தடவை அமுக்கிவிட்டு அணைத்தேன். திருவிழா முடியட்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்து காலில் விழலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு வருடம் ஒன்றும் ஆகவில்லையே, ஏழாவதும் ஆகாது என்று நினைத்தேன். சர்க்கரை என்று முதலில் சொன்னவளே நான்தான்.

ஏன் அனுப்பவில்லை என்று கேட்பாய். உன்மேல் கோபமாக இருந்த வரைக்கும் நான் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனது எனக்கு உறைக்காமல் இருந்தது. நீ தப்பே செய்யவில்லை என்றால் மிச்சம் இருப்பது நான் மட்டும்தான். பத்துச் சொல் சொன்னாளே அக்கா, அதில் ஒன்றைக்கூட என் காதால் கேட்கவில்லை.

இன்னொன்று. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு உன் வாசலில், தெருவே பார்க்க, உன்னை மலடி என்றேன். பெற்றவளுக்குத்தான் தெரியும், மலடிக்கு என்ன தெரியும் என்றேன். அதை எழுதாமல் எந்த மன்னிப்பையும் எழுத முடியாது என்று தெரியும். அதை எழுதத்தான் கை வரவில்லை.

நான் பாவி. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

தேவி


ஜலகண்டாபுரம்,
28.4.2025

ஸ்ரீதேவிக்கு,

வீட்டுக்கு வந்து பதினைந்து நாளாகிறது. புண் ஆறுகிறது. கம்பு ஊன்றி நடக்கிறேன்.

மாமா பதில் எழுதாதே என்றார். “அந்தக் கடுதாசியைக் கிழிச்சு அடுப்புல போடு” என்றார். நானும் ஒரு மாசம் அப்படித்தான் இருந்தேன். மூன்றாம் தேதியிலிருந்து நான்காம் தேதி வரை எண்ணினேன், இருபத்தொன்பது நாள். நான்கு பக்கம் யார் கேட்டது? ‘நீ செய்யவில்லை அக்கா’ என்று ஒரு வரி போதுமே. டிரெஸ்ஸிங் பண்ணும்போது வலியே தெரியாது. ஆனால் அந்த இருபத்தொன்பது நாளை நினைத்தால் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். எத்தனை நாளைக்கு இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் உட்கார்ந்து யோசித்தால் நான் மட்டும் என்ன யோக்கியமா? ஆனி மாசம் பூராவும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பொய் சொன்னேன். கை விழுந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ ஓடி வந்திருப்பாய், கடைசி இரண்டு மூன்று சொல்லாவது உன் காதில் விழுந்திருக்கும். நோய் வந்தது யார் தப்பும் இல்லை என்று உன் டாக்டரம்மா சொல்லலாம். இதைச் சொல்லாமல் விட்டது என் தப்புத்தான்.

அதோடு இன்னொன்றையும் மறைத்தேன். ஃபாரத்தில் பதினொன்று என்று போட்டு அடித்தேனே, அது எண்ணிக்கை தப்பியது இல்லை. பதினொன்றுதான். அந்தத் தாளும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம், நான் தறியில் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்தேன். நகர்ந்து வந்து, என் முதுகைப் பிடித்து நின்று, ‘அம்மா’ என்றாள். என்னைப் பார்த்து. “நான் அம்மா இல்ல சாமி, பெரிம்மா, உங்க அம்மா ராமநாதபுரத்துல இருக்குது” என்று உன் போட்டோவைக் காட்டினேன். போட்டோவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்து அதையே சொன்னாள். அதற்குப் பிறகு நான் திருத்தவில்லை. திருத்த மனசு வரவில்லை. யாரும் இல்லாதபோது கூப்பிடச் சொல்லிக் கேட்டேன்கூட. எல்லாச் சொல்லும் போன பிறகும் அது இருந்தது. ஆவணி பத்தாம் தேதி வரைக்கும். கடைசியாகப் போனது அதுதான்.

நீ வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்ன அன்றைக்கு இது என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே செத்துப்போயிருப்பாய். விழுங்கிவிட்டேன். இப்போது உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. அந்த டாக்டரம்மாவுக்குக் கணக்கு முழுசாக வேண்டும் அல்லவா? சேர்த்துக்கொள். இல்லை, கொஞ்சம் குத்துவதற்காகவும்தான்.

இனி அம்மனிடம் நான் பேச்சுக் கேட்கப் போவதில்லை. கண்ணால் பதில் சொல்வாள் என்றாயே, அந்தக் கண்ணை எனக்குக் காட்டு. கோயிலுக்கு வேண்டாம், வீட்டுக்குக் கூட்டி வா. தறி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

சாரதாமணி


நாமக்கல்,
5.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

காலைத் தொங்கப் போடாதே, தலையணை மேல் வைத்துக்கொள்.

உன் கடிதத்தை இந்தத் தடவை நித்யா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகவே படித்தேன். ‘டக்க’ என்று வருகிற இடம் உன் பழைய கடிதத்தில் இருந்தது, அதையும் எடுத்துப் படித்தேன். கையைப் பிசைவதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். பிறகு பிசைய ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று எனக்குத் தெரியாது.

ஃபாரத்தின் நகல் என்னிடம் இருந்தது. பதினோராவது வரிசையில் நீ அடித்ததற்குப் பக்கத்தில் எழுதினேன். சொல்: அம்மா. மாதம்: பங்குனி. நின்றது: ஆவணி. ‘யாரைப் பார்த்துச் சொன்னாள்’ என்ற கட்டத்தில் சாரதாமணி என்று உன் பெயரை எழுதினேன். டாக்டரம்மா பேருக்கு உறை ஒட்டி, இன்றைக்கு மூன்று மணிக்கு முன்னால் நானே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ்ஸுக்கு மூன்று பேரும் வாரோம். மாமா என்னோடு பேச மாட்டார், தெரியும். நீ தறியை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று சொல்லி வை.

உன் தங்கச்சி,
தேவி